ராபர்ட்டின் ஒழுங்கு விதிகள்

ராபர்ட்டின் ஒழுங்கு விதிகள், சங்கங்களும் தேவாலயங்களும் தொழிற்சங்கங்களும் தங்கள் கூட்டங்களைத் தாங்களே முறையாக நடத்திக்கொள்வதற்கான அமெரிக்க விதிநூல். எழுதியவர் ராணுவப் பொறியாளர் ஹென்றி மார்ட்டின் ராபர்ட் (1837–1923). முதல் பதிப்பு 1876இலும் பன்னிரண்டாம் பதிப்பு 2020இலும் வெளிவந்தன.

தோற்றம்

1863இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் நியூ பெட்ஃபோர்டில் நடந்த ஒரு கூட்டத்துக்கு ராபர்ட் தலைமை ஏற்றார். கூட்டம் நடத்தும் முறை தெரியாததால் தடுமாறினார். பின்னர் சான்பிரான்சிஸ்கோவில் பணியாற்றியபோது, பல மாநிலங்களிலிருந்து வந்து குடியேறியவர்கள் ஆளுக்கொரு கூட்ட மரபைப் பின்பற்றியதால் நடைமுறை பற்றியே சச்சரவு எழுவதைக் கண்டார். தாமஸ் ஜெஃபர்சன் 1801இல் வெளியிட்ட கையேடு செனட் சபைக்கு உரியது. சாதாரணச் சங்கங்களுக்குப் பொருந்தும் நூல் தேவை என்று கருதிய ராபர்ட், அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் நடைமுறையை எளிமைப்படுத்தித் தம் நூலை எழுதினார்.

விவாத முறை

ஒருவர் தீர்மானத்தை முன்மொழிய, இன்னொருவர் வழிமொழிந்த பிறகே விவாதம் தொடங்கும். ஒரே நாளில் ஒரு தீர்மானத்தின்மீது ஓர் உறுப்பினர் இரண்டு முறை, முறைக்கு 10 நிமிடம்வரை பேசலாம். இதுவரை பேசாதவர் வாய்ப்புக் கேட்டால் அவருக்கே முன்னுரிமை. பேச்சு தலைவரை நோக்கியே அமைய வேண்டும். கருத்தை எவ்வளவு கடுமையாகவும் மறுக்கலாம். சொன்னவரின் உள்நோக்கத்தைத் தாக்கக் கூடாது. விவாதத்தை இடையில் முடிக்க மூன்றில் இரு பங்கு வாக்கு வேண்டும். பேசும் உரிமையைச் சாதாரணப் பெரும்பான்மை பறித்துவிடாதபடி காக்கும் ஏற்பாடு இது.

அவையின் அதிகாரம்

இந்நூலின் மிகச் சிறந்த கூறு, விதியை உருவாக்கும் உரிமையை அவையிடமே விட்டிருப்பது. ஓர் அமைப்பு ஏற்றுக்கொண்டால் மட்டுமே நூல் அதைக் கட்டுப்படுத்தும். ஏற்ற பின்னும், அமைப்பின் சட்டதிட்டங்களும் அது தனக்கென வகுத்த சிறப்பு விதிகளும் நூலுக்கு மேலானவை. பேச்சு நேரத்தை 3 நிமிடமாகக் குறைக்க விரும்பும் சங்கம், முன்னறிவிப்புத் தந்து மூன்றில் இரு பங்கு வாக்கால் அதை நிலையான விதியாக்கலாம். தலைவரின் தீர்ப்பு தவறென்று தோன்றினால், உறுப்பினர் இருவர் முன்மொழிந்தும் வழிமொழிந்தும் அவையிடம் மேல்முறையீடு செய்யலாம். பெரும்பான்மை எதிர்த்தால் தீர்ப்பு ரத்தாகும். ஒழுங்கைக் காப்பவரும் அவைக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவரே என்பதை இவ்விதி உறுதிசெய்கிறது.

பயன்பாடும் விமர்சனமும்

அமெரிக்காவில் மிகப் பரவலாகப் பின்பற்றப்படும் கூட்ட விதிநூல் இதுவே. எனினும் அந்நாட்டு நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் தத்தம் விதிகளின்படியே நடக்கின்றன. சுமார் 12 பேருக்கு மிகாத குழுக்களுக்கு நூலே தளர்வு தருகிறது: அங்கே வழிமொழிதல் தேவையில்லை, எத்தனை முறையும் பேசலாம், தலைவரும் விவாதத்தில் கலந்துகொள்ளலாம்.

விதிகளின் எண்ணிக்கையும் சிக்கலும் இந்நூல்மீது சொல்லப்படும் முக்கியக் குறை. நுணுக்கம் அறிந்த சிலர் அவற்றைப் பயன்படுத்திப் புதியவர்களை வாயடைக்க முடியும். ஆகவே விதிகளை வகுப்பதோடு அமைப்பின் கடமை முடிவதில்லை. மேல்முறையீடு, திருத்தம், சிறப்பு விதி ஆகிய உரிமைகளை ஒவ்வோர் உறுப்பினருக்கும் கற்பிப்பதும் அதன் கடமையே.