மூன்றாவது எழுத்து

2003 வாக்கில் ஏதாவது ஒரு தமிழ் அரட்டை அறைக்குள் நுழைந்திருந்தால், வணக்கத்துக்கு முன்னால் மூன்று ஆங்கில எழுத்துகள் வந்து விழும். ஏ, எஸ், எல். வயசு என்ன, ஆணா பெண்ணா, எந்த ஊரு. உலகம் முழுக்க எல்லா அறைகளிலும் கேட்கப்பட்ட கேள்விதான். ஆனால் தமிழில் அந்த மூன்றாவது எழுத்துக்குக் கொஞ்சம் கனம் கூடுதல். நம்மிடம் ஒருத்தர் ஊர் கேட்டால், அடுத்து தெரு கேட்பார், அதற்கடுத்து யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்பார். அதோடு அவருக்குத் தேவையான விவரம் கிடைத்துவிடும்.

நான் "திருவண்ணாமலை" என்று தட்டுவேன். பொய் என்றும் சொல்ல முடியாது, மாவட்டம் அதுதானே. என் ஊர் ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரிலிருந்து இன்னும் உள்ளே. கல்லூரிக்காகக் கீழே இறங்கி விடுதியில் தங்கியிருந்தேன். பிரவுசிங் சென்டரில் அரை மணி நேரத்துக்கு 10 ரூபாய் வாங்கினார்கள். அந்த அரை மணி நேரத்தில் என்னை யாரும் "மலைக்காரன்" என்று கூப்பிட மாட்டார்கள். அதற்காகவே போனேன் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது கேட்டிருந்தால் ஈமெயில் பார்க்கப் போகிறேன் என்றுதான் சொல்லியிருப்பேன்.

முகம் தெரியாதவர்களோடு தட்டச்சில் பேசுவது கணினிக்கு வந்து ரொம்ப காலம் ஆகிறது. 1973-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் பிளேட்டோ என்ற கணினி அமைப்பில் டக் பிரவுன், டேவிட் வூலி இருவரும் டாக்கோமேட்டிக் என்றொரு நிரலை எழுதினார்கள். ஒரு தடத்தில் ஐந்து பேர் வரை பேசலாம். ஒருவர் தட்டத் தட்ட மற்றவர் திரையில் எழுத்து எழுத்தாகத் தெரியும். தயங்கினால் தயக்கமும் தெரியும், அழித்தால் அழித்ததும் தெரியும். எனக்கு அது பயமாக இருந்திருக்கும். நான் ஊர்ப்பெயரைத் தட்டி அழித்த நாட்கள் நிறைய. 1988-இல் பின்லாந்தின் ஊலு பல்கலைக்கழகத்தில் யார்க்கோ ஓய்க்காரினென் ஐ.ஆர்.சி.யை உருவாக்கினார். வளைகுடாப் போரின்போதும், 1991 ஆகஸ்டில் மாஸ்கோவில் ஆட்சிக் கவிழ்ப்பு நடந்தபோதும், உள்ளே இருந்தவர்கள் அதில்தான் வெளியே செய்தி சொன்னார்கள்.

இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையத்தை விதேஷ் சஞ்சார் நிகம் 1995 ஆகஸ்ட் 15 அன்று திறந்துவிட்டது. சிறு ஊர்களுக்கு அது வந்து சேர்ந்தது 1998-க்குப் பிறகு, தனியார் நிறுவனங்களுக்கு அனுமதி கிடைத்த பின்னால். எஸ்.டி.டி. பூத் இருந்த இடத்தில் பிளைவுட் தடுப்பும் திரைச்சீலையும் போட்டு பிரவுசிங் சென்டர் வந்தது. 1999-இல் கதிர் இயக்கிய 'காதலர் தினம்' இணைய அரட்டையில் தொடங்கும் காதலைப் படமாக்கியது. மூன்று வருடம் முன்புதான் அகத்தியனின் 'காதல் கோட்டை', பார்க்காமலேயே கடிதத்தில் காதலித்தவர்களை வைத்து ஓடு ஓடென்று ஓடியிருந்தது. கடிதம் போய் கணினி வந்ததைக் கோடம்பாக்கம் கச்சிதமாகப் பிடித்துக்கொண்டது.

பார்க்காமல் நட்பு என்றதும் கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் நினைவுக்கு வராத தமிழர் இருக்க முடியாது. எனக்கு அவர்களைவிட நெருக்கம் இலங்கை வானொலி. பாட்டு விரும்பிக் கேட்டவர்களின் பெயரை ஊரோடு சேர்த்து வாசிப்பார்கள். வாரப் பத்திரிகைகளில் பேனா நண்பர்கள் பகுதியும் அப்படித்தான், பெயர், வயது, பொழுதுபோக்கு, முழு முகவரி. அங்கெல்லாம் ஊர்ப்பெயர் ஒரு பெருமை. என் அப்பா வானொலியில் தெரிந்த ஊர்ப்பெயர் வந்தால் சத்தத்தைக் கூட்டி வைப்பார். அரட்டை அறைதான் முதல்முறையாக ஊரை மறைத்துக்கொண்டு நட்பாக இருக்கலாம் என்று சொன்னது.

யாஹூவில் தமிழ் அறைகள் எப்போதும் நிரம்பி வழிந்தன. யார் வேண்டுமானாலும் சொந்தமாக அறை திறக்கவும் வசதி இருந்தது. தமிழ் எழுத்துருச் சிக்கல் தீராத காலம், அதனால் எல்லோரும் ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டினோம். இதைத் தமிழுக்கு நேர்ந்த கேடு என்று வருத்தப்பட்டவர்கள் உண்டு. எனக்கு அது பெரிய உதவி. ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழில் கொங்கும் நெல்லையும் மலையும் ஒன்றுபோலத்தான் இருக்கும், ழகரம் வராதவனையும் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. என் பேச்சைக் கேட்டதும் கல்லூரியில் சிரித்தார்கள். அறையில் அந்தப் பேச்சே கிடையாது, எழுத்துதான்.

இலங்கைத் தமிழர்கள் மட்டும் தட்டச்சிலும் பிடிபட்டுவிடுவார்கள். "சாப்பிட்டாச்சோ?" என்று கேட்டாலே தெரிந்துவிடும். போரில் சிதறிய அவர்களுக்கு இந்த அறைகள் வெறும் பொழுதுபோக்கு இல்லை. ஒரே ஊர்க்காரர்கள் டொராண்டோவிலும் பாரிஸிலும் ஒஸ்லோவிலுமாகக் கிடந்தார்கள். பால்டாக் அறைகளில் குரலிலேயே கூடிப் பேசினார்கள். எங்கள் யாஹூ அறையில் டொராண்டோ அண்ணன் ஒருவர் வருவார். அவருக்கு இரவு வேலை முடியும் நேரம், எனக்கு மாலை. முதலில் அவரும் மூன்றாவது எழுத்துக்குக் "கனடா" என்றுதான் சொன்னார். மாதங்கள் கழித்து, 1995 அக்டோபர் கடைசியில் வலிகாமம் மொத்தமும் இடம்பெயர்ந்த அந்த இரவைப் பற்றி எழுதினார். மழையில் மூட்டையோடு நடந்தது, பாலத்தில் நெரிசலில் நகர முடியாமல் நின்றது. கடைசியில் ஊர்ப்பெயரைச் சொன்னார். "உன்ர ஊர் எது தம்பி?" என்று கேட்டார். நான் மறுபடியும் திருவண்ணாமலை என்றேன். "கோயில் பக்கமோ?" என்றார். "ஆமாண்ணே" என்றேன்.

இந்தக் கட்டுரையில் நான் சொல்லியே ஆகவேண்டியது அந்த "ஆமாண்ணே"தான். மற்றதெல்லாம் அதைச் சொல்வதற்காகத் தேடிப் படித்தது.

மலையைப் பற்றி வெளியில் தெரிந்தது அப்போது ஒன்றே ஒன்று, காவலூர். 1960-களில் வைணு பாப்பு வானாய்வு நிலையத்துக்கு இடம் தேடியபோது, நகர வெளிச்சம் எட்டாத இருட்டு இங்கே கிடைத்தது. 1968-இல் சிறிய தொலைநோக்கியோடு ஆரம்பித்து, 1986-இல் 2.34 மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1988-இல் இங்கிருந்து கண்டுபிடித்த சிறுகோளுக்கு ராமானுஜன் பெயர் வைத்தார்கள். வியாழனுக்கும் செவ்வாய்க்கும் நடுவில் ஓடும் கல்லைப் பார்த்த மலையிலிருந்து, கீழே போளூரில் இருப்பவருக்கு ஒரு போன் போட முடியாத நாட்கள் அதற்குப் பிறகும் நீண்டன. இருட்டு வானியலுக்கு நல்லது, எங்களுக்கு அவ்வளவு நல்லதாக இல்லை.

எங்கள் சமூகப் பெயர் இன்னொரு சிக்கல். பட்டியல் பழங்குடியில் எங்கள் பெயர் மலையாளி. யாரிடமாவது சொன்னால் "ஓ, கேரளாவா?" என்பார்கள். இல்லை, மலையை ஆள்கிறவர்கள், தமிழ்தான் பேசுகிறோம் என்று விளக்கம் சொல்லி முடிப்பதற்குள் எதிராளி அறையை விட்டே போயிருப்பார்.

அறைகளை நான் ரொம்ப இனிப்பாக எழுதிவிடக் கூடாது. பெண் பெயரில் நுழைந்தால் ஒரு நிமிடத்தில் இருபது தனிச் செய்தி வந்து திரையை மூடும், சோதித்துப் பார்க்கவே சில பையன்கள் பெண் பெயர் வைத்துக்கொள்வார்கள். நிஜமான பெண்களோ ஆண் பெயரில் வந்தார்கள். என்னை ஒளித்துக்காட்டிய அதே திரை வேறொருவருக்கு ஆயுதமானது. விவாகரத்தான ஒரு பெண்ணைப் பற்றி யாஹூ குழுவில் ஆபாசமாக எழுதி, அவருடைய எண்ணையும் பரப்பியவருக்கு 2004 நவம்பரில் சென்னை எழும்பூர் நீதிமன்றம் தண்டனை கொடுத்தது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67-ஆம் பிரிவில் நாட்டிலேயே முதல் தண்டனையாக அது பேசப்படுகிறது.

எங்கள் அறை மூடப்பட்ட கதைக்கும் தமிழுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. குழந்தைகளைச் சீரழிக்கும் நோக்கத்தோடு சிலர் யாஹூவில் அறைகள் நடத்துவதை ஹூஸ்டன் நகரத் தொலைக்காட்சி ஒன்று அம்பலப்படுத்தியது. பெரிய விளம்பரதாரர்கள் விலகினார்கள். 2005 ஜூனில் பயனர்கள் திறந்த அறைகள் அத்தனையையும் யாஹூ ஒரேயடியாக மூடியது. மூடியது நியாயம்தான், அந்தக் குழந்தைகளை நினைத்தால் வேறு என்ன சொல்ல முடியும். ஆனால் டீக்கடை என்று பெயர் வைத்து நாங்கள் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்த இடமும் அதோடு போனது. அண்ணனுடைய பெயர் என் மெசஞ்சர் பட்டியலில் பிறகும் இருந்தது. இரண்டு முறை தனியே பேசினோம். நலம் விசாரித்த பிறகு என்ன பேசுவதென்று இருவருக்கும் தெரியவில்லை. பக்கத்தில் நாலு பேர் கலாய்த்துக்கொண்டிருந்தால்தான் எங்களுக்குப் பேச்சு வரும் போல.

2011 ஏப்ரலில் சைபர் கஃபே விதிகள் வந்தன. அடையாள அட்டை கட்டாயம், தடுப்பு நாலரை அடிக்கு மேல் இருக்கக் கூடாது. 2012 டிசம்பர் 14-இல் யாஹூவின் மிச்ச அறைகளும் மூடின. 2018 ஜூலையில் மெசஞ்சரும் போனது.

இதற்கு நடுவில் ஊர்ப்பெயரின் அர்த்தமே மாறிவிட்டது. 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலக் காட்டில் செம்மரம் வெட்ட வந்ததாகச் சொல்லி 20 பேரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டத்துக்காரர்கள். ஜவ்வாது மலை ஊர்களைச் சேர்ந்தவர்களும் அதில் இருந்தார்கள். அதன்பிறகு ஜவ்வாது மலை என்று சொன்னால் தொலைநோக்கியை யாரும் கேட்கவில்லை. "மரம் வெட்டப் போவீங்களா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார்கள். பத்து நாள் வேலைக்கு ஏஜெண்ட் சொன்ன கூலி, இங்கே சாமை விதைத்துக் கிடைப்பதைவிடப் பல மடங்கு. அதை அரட்டையில் எப்படி விளக்குவது?

2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. மலைக்கு அது மெதுவாக, மேடு மேடாக வந்து சேர்ந்தது. எங்கள் ஊரில் இன்றும் சிக்னலுக்கென்று ஒரு பாறை உண்டு. ஆனால் மலை இணையத்துக்குள் வந்தபோது வாசல் வேறாக இருந்தது. வாட்ஸப்பில் நுழைய எண் வேண்டும், எண் இருந்தால் ஆளும் ஊரும் ஏற்கெனவே தெரியும். குழுக்களும் அப்படித்தான்: ஊர்க்குழு, பள்ளிக் குழு, சாதிக் குழு. முன்பின் தெரியாதவரோடு பேச வேண்டுமென்றால் ஷேர்சாட்டின் குரல் அறைகள் இருக்கின்றன, விளையாட்டுகள் இருக்கின்றன. அங்கே தட்டச்சு அநேகமாகக் கிடையாது, மைக்தான். வாயைத் திறந்ததுமே "ப்ரோ, பேச்சு ஒரு மாதிரி இருக்கே, எந்த ஊரு?" என்று கேட்டுவிடுவார்கள். எனக்குக் கிடைத்த மறைப்பு இவர்களுக்கு ஒரு நாளும் கிடைக்கவில்லை.

போன பொங்கலுக்குப் போயிருந்தபோது அக்கா மகன் பாறை மேல் உட்கார்ந்து ஃப்ரீ ஃபயர் ஆடிக்கொண்டிருந்தான். பக்கத்தில் உட்கார்ந்தேன். அணியில் மதுரைப் பையன் ஒருவன், திருப்பூர்க்காரர் ஒருவர், இன்னொருவர் பேசவே இல்லை. ஆட்டத்துக்கு நடுவில் மதுரைப் பையன் ஊர் கேட்டான். நான் அவன் முகத்தைப் பார்த்தேன்.

"ஜமுனாமரத்தூர்" என்றான், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அது எங்கப்பா இருக்கு?"

"ஜவ்வாது மலைண்ணே."

கொஞ்ச நேரம் துப்பாக்கிச் சத்தம் மட்டும். பிறகு திருப்பூர்க்காரர் கேட்டார்: "செம்மரம் வெட்டுவாங்களே, அந்த மலையா?"

"ஆமாண்ணே, எங்க சித்தப்பா கூட ஒரு வருசம் ஆந்திரா ஜெயில்ல இருந்தாரு. லெப்ட்ல பாருங்க, வீட்டுக்குப் பின்னாடி ஆள் வர்றான்."