புயலிடை ஒரு தனிப் படகு

நீராவிக் கப்பல்கள் பெருகப் பெருகப் பாய்க்கப்பல் மாலுமிகள் பிழைப்பிழந்து நின்ற காலம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியாகும். அவ்வாறு தொழிலின்றி நின்ற கப்பற்றலைவர்களுள் ஒருவர் யோசுவா சிலோக்கம் என்பார். 1844 ஆம் ஆண்டில் நோவாஸ்கோசியாவிற் பிறந்து, பெருங்கப்பல்கள் பலவற்றை நடத்திய இவருக்கு, ஐம்பது வயதை அணுகுங்கால் நண்பரொருவர் ஒரு கப்பலை நன்கொடையாக அளித்தார். சென்று பார்த்தால், மசாச்சுசெற்சு மாநிலத்து வயலொன்றில் முட்டுக்கொடுத்து நிறுத்தப்பட்டு, உழுத்துக் கிடந்த பழம் படகே அது!

‘ஸ்பிறே’ என்னும் அப்படகைச் சிலோக்கம் தம் கைகளாலேயே புதுக்கினார். பதின்மூன்று மாத உழைப்பு. செலவு 553 டொலர் 62 சதம். படகின் நீளம் 36 அடி 9 அங்குலம். 1895 ஏப்பிரில் 24 இல், துணை எவருமின்றிப் பொஸ்டன் துறையினின்றும் உலகைச் சுற்றப் புறப்பட்டார். அவருக்கு நீந்தத் தெரியாது என்பதையும் இங்கே கூறிவிடல் வேண்டும்.

தனியொருவன் உறங்குங்கால் சுக்கானைப் பிடிப்பவர் யார் என்று கேட்கத் தோன்றும். பாய்களைச் சமனுற அமைத்துச் சுக்கானைக் கட்டிவிட்டால், ஸ்பிறே தன் வழியே தவறாது செல்லும் இயல்புடையது. பிற்பாடு இந்து சமுத்திரத்திலே, வியாழன் தீவிலிருந்து கொக்கோசுத் தீவு வரை 2,700 மைலை 23 நாளிற் கடந்தபொழுது, அவர் சுக்கானருகே நின்ற நேரம் மூன்று மணிக்கும் குறைவே.

ஆயினும், அவரது திறம் முழுவதையும் சோதித்தது தென்னமெரிக்காவின் தென்கோடியாகும். மகலன் நீரிணையில், மலைமுகடுகளிலிருந்து திடீரெனச் சரிந்து வீழும் சூறைக்காற்றுகளுக்குத் தப்பி, 1896 மார்ச்சு 3 ஆந் திகதி பசிபிக் கடலை எட்டினார். மறுநாளே வடமேற்கிலிருந்து கடும்புயல் எழுந்தது. வந்த திசையை எதிர்த்து நிற்றல் இயலாது. காற்றோடு ஓடுதலே வழி; ஆனால் அதிலும் பேராபத்து உண்டு. படகு மிக விரைந்தால், பின்னிருந்து வரும் அலை கடையாரைத் தூக்கி, படகைக் குறுக்கே திருப்பிக் கவிழ்த்துவிடும். சிலோக்கம் முன்பாயொன்றை மட்டும் சுருக்கி நடுவே இறுகக் கட்டினார். சுக்கானையும் நேரே பிணித்தார். நீண்ட கயிறுகள் இரண்டினைப் பின்னே கடலில் விட்டார். இழுபடும் கயிறுகள் படகின் போக்கை நேர்ப்படுத்தின. பின்தொடர்ந்த அலைகளின் நுனியையும் முறித்தன. அப்புறம் அவர் செய்யக்கூடியது அதிகமில்லை. துணிவு என்று உலகம் புகழ்வதில் பெரும்பகுதி, உண்மையில், இத்தகைய கணக்கறிந்த அடக்கமே.

ஸ்பிறே ஹோண் முனையை நோக்கித் தள்ளப்பட்டது. நான்காம் நாள் பெரும்பாய் கந்தலாயிருந்தது. இருளிலே முன்னும் பக்கத்தும் அலைகள் பாறையில் மோதி இரைந்தன. மாலுமிகள் ‘பால்வீதி’ என அழைக்கும், நுரை வெளுத்த அப்பாறைக் கடலினுள்ளே இரவு முழுதும் படகைத் திருப்பித் திருப்பி ஓட்டி உயிர் பிழைத்தார். விடிந்தபின் பாறைகளுக்கிடையே வழி கண்டு, கொக்பேண் கால்வாய் வழியாக மீண்டும் அதே நீரிணையினுள் வந்து சேர்ந்தார். ஆம், வென்று கடந்த வழியில் ஒரு பகுதியை மீண்டும் கடக்க வேண்டியதாயிற்று! கிழிந்த பாயைத் தைத்து ஒட்டுப்போட்டு, அவர் மறுபடி பசிபிக்கிற்குப் புறப்பட்டது ஏப்பிரில் 13 இலேயே.

1898 யூன் 27 இல், 46,000 மைல் ஓடி, நியூபோட் துறையை அடைந்தார். உலகைத் தனியே பாயோட்டிச் சுற்றியவர்களுள் முதல்வர் அவரே. அப்பொழுது அமெரிக்காவுக்கும் ஸ்பெயினுக்கும் போர் நடந்துகொண்டிருந்தமையால், துறைவாயிலிற் கண்ணிவெடிகள் இடப்பட்டிருந்தன. கரைப்பாறைகளை ஒட்டி மெல்லவே உள்ளே நுழைந்தார். அவரது பயண நூல் 1900 இல் வெளிவந்தது. 1909 இல் அதே படகில் தெற்கு நோக்கித் தனியே மீண்டும் புறப்பட்டார். அதன் பின்னர் அவரையோ ஸ்பிறேயையோ கண்டாரிலர்.