டெல்லி சாவ்ரி பஜார்: ஜப்பானின் கெய்ஷா தெரு பிழைத்தது, இந்தத் தெரு ஏன் மறைந்தது?

கியோட்டோவின் கியோன் பகுதியில் கிமோனோ போட்டு எடுத்த போட்டோ உங்கள் இன்ஸ்டாவில் ஒரு முறையாவது வந்திருக்கும். அதே மாதிரி கலைஞர்கள் வாழ்ந்த தெரு டெல்லியிலும் இருந்தது. லோதி ரோடு பக்கத்தில் ஜோர் பாக் ஸ்டேஷனில் மெட்ரோ ஏறினால், மஞ்சள் லைனில் ஏழாவது ஸ்டேஷன்: சாவ்ரி பஜார்.

இன்று அங்கே கல்யாணப் பத்திரிகையும் பித்தளைச் சாமானும்தான் கிடைக்கும். என்ன நடந்தது?

கெய்ஷா என்பவர் யார்?

பாட்டு, நடனம், ஷாமிசென் வாத்தியம், பேச்சு சாமர்த்தியம் எல்லாம் பல வருஷம் கற்ற கலைஞர். அவர்கள் விருந்தினரைச் சந்திக்கும் இடம் 'ஓச்சாயா'. நேரடிப் பொருள் தேநீர் இல்லம். ஆனால் அங்கே போவது டீ குடிக்க அல்ல. கியோட்டோவில் பழைய வாடிக்கையாளர் அறிமுகம் இல்லாமல் பொதுவாக உள்ளே விட மாட்டார்கள்.

டெல்லியில் இருந்தவர்கள்?

தவாயிஃப்கள். தும்ரி, கஜல், கதக் மூன்றையும் வளர்த்ததில் இவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. கச்சேரி நடக்கும் வீட்டுக்குப் பெயர் கோட்டா. பின்னாளில் சர்தானாவை ஆண்ட பேகம் சம்ரு, சாவ்ரி பஜார் கோட்டா ஒன்றில் நடனமாடியவர் என்று வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். 1911 டெல்லி தர்பாரில் ஐந்தாம் ஜார்ஜ் முன் பாடியவர்களில் ஒருவர் கௌஹர் ஜான்.

பாதை எங்கே பிரிந்தது?

சட்டத்தில். 1857 கிளர்ச்சிக்குப் பிறகு புரவலர்களான நவாபுகளும் பிரபுக்களும் வீழ்ந்தார்கள். 1868-ல் வந்த தொற்றுநோய்ச் சட்டம், பாலியல் தொழிலாளர்கள் பெயரைப் பதிவு செய்து மருத்துவப் பரிசோதனைக்கு வரக் கட்டாயப்படுத்தியது. தவாயிஃப்களையும் பிரிட்டிஷ் நிர்வாகம் அந்தக் கணக்கிலேயே சேர்த்துப் பார்த்தது. பிறகு கோட்டாக்கள் ஜி.பி. ரோடு பக்கம் நகர்ந்தன. கலை போய், பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

ஜப்பானிலும் கதை முழுக்க அழகானதல்ல. கடனுக்காகச் சிறுமிகளை ஒப்பந்தத்தில் கொடுத்த காலமும் இருந்தது. ஆனால் 1956-ல் இயற்றிய பாலியல் தொழில் தடுப்புச் சட்டம் உரிமம் பெற்ற விடுதிகளை மூட வைத்தபோது, கெய்ஷா பகுதிகள் தொடர்ந்தன. இந்தியாவும் அதே 1956-ல்தான் இதுபோன்ற சட்டம் கொண்டுவந்தது. ஆனால் காப்பாற்ற வேண்டிய கலைத் தெரு என்று இங்கே எதுவும் அடையாளம் காணப்படவில்லை.

தமிழ்நாட்டில்? 1947-ல் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது. சிறுமிகளைப் பொட்டுக்கட்டும் கொடுமையை நிறுத்த அது தேவைப்பட்டது. அதே காலத்தில் சதிர், பரதநாட்டியமாகி சபாவுக்குப் போனது. ஆடிவந்த குடும்பங்களில் பெரும்பாலானவை பின்னால் நின்றுவிட்டன.

இரண்டு கட்டடங்கள்

ஜப்பானின் கனஸாவா நகரில் 1820-ல் கட்டிய 'ஷிமா' தேநீர் இல்லம் இன்று அருங்காட்சியகம். டிக்கெட் எடுத்து யாரும் பார்க்கலாம்.

ஏறக்குறைய அதே சமயம், 1823 வாக்கில், சாவ்ரி பஜார் முனையில் உள்ள ஹவுஸ் காஜியில் ஒரு மசூதி எழுந்தது. கட்டியவர் முபாரக் பேகம். தவாயிஃபாக இருந்து, பிரிட்டிஷ் ரெசிடெண்ட் ஆக்டர்லோனியின் துணைவியானவர். அவர் பெயரை விட்டுவிட்டு, ஒரு வசைச்சொல்லைச் சேர்த்தே மசூதியை ஊர் நெடுங்காலம் அழைத்தது. 2020 ஜூலை மழையில் அதன் நடுக் குவிமாடம் இடிந்தது.

போய்ப் பார்க்கணுமா?

- சாவ்ரி பஜார் ஸ்டேஷனில் இறங்கினால் மசூதி நடக்கிற தூரம்தான். கீழே கடைகள், மேலே மசூதி. தொழுகை நடக்கும் இடம். உடை, நேரம் பார்த்துப் போங்கள்.
- ஞாயிறு கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும். அண்ணாந்து பார்த்தால் பழைய பால்கனிகள் தெரியும்.
- சாந்தினி சௌக்கில் பேகம் சம்ருவின் மாளிகை, இன்றைய பாகீரத் பேலஸ் எலக்ட்ரிகல் மார்க்கெட்.
- கியோன் போனால் தனியார் சந்துகளுக்குள் நுழையாதீர்கள். 2024 முதல் தடை. அபராதம் 10,000 யென்.

வழி கேட்கும்போது அந்த வசைச்சொல் வேண்டாம். 'முபாரக் பேகம் மசூதி' என்றே கேளுங்கள்.