மாதோட்டத்துக்கு வந்த வெற்றித் தேவதை

உரோமர்களின் கடவுள்கள் என்றால் பலருக்கும் யூப்பிட்டர், நெப்டியூன், மார்ஸ் என்ற பெயர்களே நினைவுக்கு வரும். எனக்கு விக்டோரியா. காசில் ஏறி எங்கள் கடல் வரை வந்தவள் அவள்.

திருக்கேதீச்சரத்தை அண்டிய மாந்தை மேடுதான் பழைய மாதோட்டத் துறைமுகம். வணிகத்தோடு உரோமக் காசுகளும் இங்கு வந்தன. இலங்கையில் கிடைத்தவற்றில் பெரும்பாலானவை கி.பி. 4ஆம், 5ஆம் நூற்றாண்டுகளின் சிறிய வெண்கலக் காசுகள். விரல் நகத்தளவே இருக்கும்.

விக்டோரியா வெற்றியின் தேவதை. கிரேக்கர் அவளை நைக்கி என்றனர். எங்கள் கொற்றவைக்கு உறவுக்காரி எனலாம், ஆனால் சிறகுள்ளவள். கி.மு. 29இல் பேரரசர் அகஸ்டஸ் உரோமின் செனற் சபையில் அவளுக்குப் பலிபீடம் அமைத்தார். கி.பி. 382இல் கிறிஸ்தவப் பேரரசர் கிரேஷியன் அதை அகற்றினார். காசுகளிலிருந்து மட்டும் அவளை யாரும் அகற்றவில்லை. வெற்றி எந்த மதத்து அரசனுக்கும் வேண்டியதாயிற்றே!

388 முதல் அச்சடிக்கப்பட்ட ஒரு வகைக் காசு இலங்கையிலும் கிடைத்திருக்கிறது. அதில் அவள் தோளில் வெற்றிச் சின்னத்தைச் சுமந்தபடி, ஒரு கைதியை இழுத்துக்கொண்டு நடக்கிறாள். சுற்றிவர உள்ள இலத்தீன் எழுத்துகளின் பொருள் ‘நாட்டின் நலம்’. அந்தப் படத்தை முதலில் பார்த்தபோது தேவதை என் கண்ணில் படவில்லை. கைதிதான் தெரிந்தார்.

மாந்தையில் 1980இல் ஜோன் கார்ஸ்வெல் தொடங்கிய அகழ்வு, 1984இல் போரால் நின்றுபோனது. அதன் அறிக்கை நூலாக வெளிவந்தது 2013இல். அதற்குள் போரும் முடிந்துவிட்டிருந்தது.