ஆறு மாதம் என்று யார் சொன்னது?

டிபி என்னும் காசநோய் வந்து குணமானவர் உங்கள் உறவில் யாராவது இருந்தால் இந்தக் கணக்கு உங்களுக்குத் தெரிந்திருக்கும். முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து. அதன்பின் நான்கு மாதம், சிங்கப்பூரில் பெரும்பாலும் இரண்டு மருந்து, தமிழ்நாட்டில் மூன்று. மொத்தம் ஆறு மாதம். பெரும்பாலான இடங்களில் இதே ஆறுதான். ஏன் ஐந்து இல்லை? இரண்டு மாதம் கழித்து மாத்திரை ஏன் குறைகிறது? மருத்துவர்கள் உட்கார்ந்து பேசி முடிவு செய்த எண் அல்ல இது. பிராக், சென்னை, நைரோபி, சிங்கப்பூர் என்று ஊர் ஊராக நடந்து தேய்ந்த எண். அதில் இரண்டு கட்டங்கள் தமிழர்கள் நன்கறிந்த தெருக்களில் நடந்தன.

சிங்கப்பூரில் தேக்கா சந்தையிலிருந்து சிராங்கூன் ரோடு வழியே வடக்கே போனால் பாலஸ்டியர் ரோடு வந்து சேரும். டான் டோக் செங் மருத்துவமனை ஒரு காலத்தில் அந்தச் சந்திப்பில்தான் இருந்தது. மலாக்காவிலிருந்து வந்து காய்கறியும் கோழியும் விற்றுத் தொழில் தொடங்கியவர் டான் டோக் செங். ஏழைகளுக்காக அவர் கொடுத்த பணத்தில் 1844இல் பேர்ல்ஸ் ஹில் குன்றில் அடிக்கல் நட்டார்கள். 1860களின் தொடக்கத்தில் மருத்துவமனை சிராங்கூன் பக்கம் வந்தது. 1909இல் மௌல்மீன் ரோட்டுக்கு நகர்ந்தது. இரண்டாம் உலகப்போர் முடிந்தபோது நகரத்தில் காசநோய் தலைவிரித்தாடியது. 1947இல் சிங்கப்பூர்க் காசநோய் எதிர்ப்புச் சங்கம் பிறந்தது. மௌல்மீன் ரோட்டுப் படுக்கைகள் காசநோயாளிகளால் நிரம்பின.

அந்தப் படுக்கையில் கிடைத்த சிகிச்சை என்ன? பெரும்பாலும் படுக்கையேதான். நோய்க்குக் காரணம் ஒரு கிருமி என்று ராபர்ட் கோக் 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் அறிவித்துவிட்டார். கிருமி தெரிந்ததே தவிர, அதைக் கொல்லும் மருந்துக்கு அறுபது ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவரை நல்ல காற்று, நல்ல சாப்பாடு, ஓய்வு, அதற்கென ஊருக்கு வெளியே ஒரு சானடோரியம். தாம்பரத்தில் 1928இல் டாக்டர் சவுரிமுத்து தொடங்கியது அப்படிப்பட்ட ஒன்று. இன்றும் ஒரு புறநகர் ரயில் நிலையம் அந்தப் பெயரைச் சுமக்கிறது. தினமும் அங்கே இறங்குகிறவர்களில் எத்தனை பேர் அந்தச் சொல்லுக்குப் பின்னால் இருக்கும் நோயை நினைக்கிறார்கள்?

1943இல் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆல்பர்ட் ஷாட்ஸ் என்ற ஆராய்ச்சி மாணவர் மண்ணில் வாழும் நுண்ணுயிரிலிருந்து ஸ்டிரெப்டோமைசினைப் பிரித்தெடுத்தார். காசநோய்க் கிருமியைக் கொல்லும் முதல் நல்ல மருந்து. போரால் கஜானா காலியான பிரிட்டனிடம் அதை வாங்க டாலர் இல்லை. கிடைத்த கொஞ்சத்தை யாருக்குக் கொடுப்பது? ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில் என்ற புள்ளியியலாளர் அந்தப் பற்றாக்குறையையே வழியாக்கினார். 107 நோயாளிகள். யாருக்கு மருந்து, யாருக்கு வழக்கமான ஓய்வு என்பதை மருத்துவரின் விருப்பத்துக்கு விடாமல், மூடிய உறைகளுக்குள் இருந்த தற்செயல் எண்கள் தீர்மானித்தன. ஆறு மாதத்தில் மருந்து பெற்ற 55 பேரில் 4 பேர் இறந்தார்கள். மருந்து பெறாத 52 பேரில் 14 பேர். 1948இல் வெளியான அந்த ஆய்வுதான் இன்றைய மருந்துச் சோதனைகளுக்கெல்லாம் முன்மாதிரி. ஹில்லும் முதல் உலகப்போரில் காசநோய்க்கு ஆளாகி ஆண்டுக்கணக்கில் படுத்துக் கிடந்தவர். மருத்துவம் படிக்கும் கனவு அதனால் கலைந்துதான் அவர் எண்களின் பக்கம் வந்தார்.

ஆனால் ஸ்டிரெப்டோமைசினை மட்டும் கொடுத்தால் சில மாதங்களில் கிருமி அதற்குப் பழகிவிடுகிறது. துணை மருந்து வேண்டும். ஸ்வீடனிலிருந்து பாஸ் என்ற மருந்து வந்தது. அதன்பின் வந்த ஐசோனியசிட் கதை வேடிக்கையானது. 1952இல் மூன்று பெரிய மருந்து நிறுவனங்கள், ஒன்றுக்கொன்று தெரியாமல், அதே பொருளைக் கண்டுபிடித்தோம் என்று வந்து நின்றன. காப்புரிமை கேட்டால், 1912இலேயே பிராகில் மேயர், மாலி என்ற இரு வேதியியலாளர்கள் அதைத் தயாரித்து எழுதிவைத்திருந்தார்கள்! எதற்குப் பயன்படும் என்று அவர்களுக்கே தெரியாது. நாற்பது ஆண்டுகள் நூலகத்தில் தூங்கியது. யாருக்கும் சொந்தமில்லாததால் யார் வேண்டுமானாலும் தயாரிக்கலாம், விலையும் தரையில் இருந்தது. அந்த மறதி ஏழை நாடுகளுக்குக் கிடைத்த பெரிய கொடை என்றே நான் நினைக்கிறேன்.

அந்த மலிவான மாத்திரையோடு 1956இல் பிரிட்டிஷ் மருத்துவர் வாலஸ் ஃபாக்ஸ் சென்னைக்கு வந்தார். சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றம், சென்னை மாநில அரசு, உலகச் சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் ஆகிய நான்கும் சேர்ந்து நடத்தின. கேள்வி எளிமையானது: நோயாளி வீட்டில் இருந்தபடியே மாத்திரை சாப்பிட்டால் போதுமா, சானடோரியம் தேவையா? இந்தியாவில் இருந்த படுக்கைகள் நோயாளிகளில் ஒரு சிறு பங்குக்குக்கூடப் போதாது. வீட்டுச் சிகிச்சை பலிக்காது என்றால் பெரும்பாலோருக்குச் சிகிச்சையே இல்லை என்று அர்த்தம்.

நகரத்து ஏழைகளில் இருநூறுக்குச் சற்றுக் குறைவானவர்களைத் தற்செயல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். இரு பிரிவுக்கும் ஓராண்டுக்கு பாஸும் ஐசோனியசிடும். ஒரு பிரிவினர் சானடோரியத்தில் ஓய்வாக, ஊட்டமான உணவோடு, செவிலியர் கவனிப்பில். மற்றவர்கள் நெரிசலான சிறு வீடுகளில், கிடைத்ததைச் சாப்பிட்டுக்கொண்டு. நேரம் சொல்லாமல் மையத்திலிருந்து ஆட்கள் வீட்டுக்கு வருவார்கள். மீதமிருக்கும் மருந்தை எண்ணுவார்கள். சிறுநீர் வாங்கிச் சோதிப்பார்கள். பெரிக் குளோரைடு சில துளிகள் விட்டால், பாஸ் சாப்பிட்டவரின் சிறுநீர் ஊதா கலந்த சிவப்பாக மாறும், சாப்பிடாதவருடையது மாறாது. நோயாளி சொல்லாத உண்மையை அந்தக் குழாய் சொல்லிவிடும்.

1959இல் முடிவு வந்தது. ஓராண்டில் நோய் அடங்கியவர்கள் சானடோரியத்தில் 92 விழுக்காடு, வீட்டில் 86 விழுக்காடு. நல்ல சாப்பாடும் ஓய்வும் அந்தச் சிறு வித்தியாசத்துக்கு மேல் எதையும் சேர்க்கவில்லை. குணமாக்கியது மருந்துதான். வீட்டில் இருக்கும் பிள்ளைகளுக்குத் தொற்றாதா? ஆண்ட்ரூஸ், தேவதத்தா, ஃபாக்ஸ், ராதாகிருஷ்ணா, ராமகிருஷ்ணன், வேலு ஆகியோர் 1960இல் அதற்கும் விடை எழுதினார்கள். நோயாளியைப் பிரித்து வைத்த குடும்பங்களைவிட, வீட்டிலேயே வைத்திருந்த குடும்பங்களில் நோய் கூடுதலாகப் பரவவில்லை. தொற்ற வேண்டியது பெரும்பாலும் மருந்து தொடங்கும் முன்பே தொற்றியிருந்தது. உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு இந்தச் சேத்துப்பட்டுக் குடும்பங்கள் கொடுத்த சாட்சியம் முக்கியமான காரணம். அவர்கள் பெயர்கள் எந்தப் பாடநூலிலும் இல்லை.

சென்னை இன்னொன்றையும் கண்டது. உடம்பு தேறியதும் நோயாளி மருந்தை விட்டுவிடுகிறார். படித்தவர், படிக்காதவர் என்ற வேறுபாடு அதில் இல்லை. 1958லேயே ஃபாக்ஸ் இதைப் பற்றி எழுதினார். வீட்டில் தானாகச் சாப்பிடுவதை நம்பாமல், வாரம் இரண்டு முறை மையத்துக்கு வரச் சொல்லி, கண்ணெதிரே மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். 1964இல் வெளியான அந்த ஆய்வு, தினசரி மருந்துக்கு அது குறைந்ததில்லை என்று காட்டியது. அந்த வழக்கம் ஹாங்காங் போனது, 1970களின் பிற்பகுதியில் காசநோய் மருத்துவர் கரேல் ஸ்டிப்லோ வழியாகத் தான்சானியாவின் தேசியத் திட்டத்துக்குப் போனது, 1990களில் உலகச் சுகாதார நிறுவனம் அதற்கு டாட்ஸ் என்று பெயர் சூட்டி உலகெங்கும் அனுப்பியது. சென்னைக்கும் அது புதுப் பெயரோடு திரும்பி வந்தது.

இன்னும் ஒரு சிக்கல் மீதி. அன்றைய சிகிச்சை பதினெட்டு மாதம், சில இடங்களில் இரண்டு ஆண்டு. கூலி வேலை செய்கிறவர் அவ்வளவு காலம் எப்படித் தாக்குப்பிடிப்பார்? இங்கே தெற்கு பிரான்ஸின் பைன் காடு ஒன்று கதைக்குள் நுழைகிறது. 1957இல் அங்கிருந்து மிலானின் லெபெடிட் நிறுவன ஆய்வுக்கூடத்துக்கு வந்த ஒரு பிடி மண்ணில் புதிய நுண்ணுயிர் இருந்தது. அப்போது ரிஃபிஃபி என்ற பிரெஞ்சுக் கொள்ளைக்காரர் படம் சக்கைப்போடு போட்டுக்கொண்டிருந்தது. ஆய்வுக்கூடத்தார் தங்கள் பொருளுக்கு அந்தப் படத்தின் பெயரையே செல்லப்பெயராக வைத்தார்கள். அதிலிருந்து வந்ததுதான் ரிஃபாம்பிசின். சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்கும் மருந்து இது. பாஸுக்குத் தேவைப்பட்ட சோதனைக் குழாய்கூட இதற்கு வேண்டாம்.

ஈரலைக் கெடுக்கும் என்று ஓரங்கட்டப்பட்டிருந்த பைரசினமைடும் திரும்ப வந்தது. கிழக்கு ஆப்பிரிக்காவில் 1970களின் தொடக்கத்தில் ஃபாக்ஸ் குழுவினர் ஆறு மாதச் சிகிச்சையைத் துணிந்து சோதித்தார்கள். ஸ்டிரெப்டோமைசின், ஐசோனியசிட் என்ற பழைய இரண்டு மருந்து மட்டும் பெற்றவர்களில் 29 விழுக்காட்டினருக்கு நோய் திரும்பியது. ரிஃபாம்பிசினும் சேர்த்துப் பெற்றவர்களில் 3 விழுக்காட்டினருக்குத்தான். இந்த ஆய்வுகளின் கிருமியியல் மூளை டெனிஸ் மிட்சிசன். சென்னைச் சளி மாதிரிகளையும் ஆராய்ந்தவர் இவர்.

இப்போது சிங்கப்பூருக்கு வருவோம். ஆப்பிரிக்கா ஆறு மாதத்தைக் காட்டிவிட்டது. நான்கு மாதத்தில் முடித்துவிடலாமா? இதைக் கேட்க ஒழுங்கான ஊர் வேண்டும். நோயாளி ஒவ்வொரு வேளையும் செவிலியர் முன்னால் மருந்து விழுங்க வேண்டும். முடித்தபின் ஆண்டுக்கணக்கில் அவரைத் தேடிப் பிடித்துப் பரிசோதிக்க வேண்டும். தீவு சிறியது, பேருந்தில் வருவது எளிது, கிளினிக் கண்டிப்பானது. சிங்கப்பூர்க் காசநோய்ச் சேவையும் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சி மன்றமும் கைகோத்தன. எல்லோருக்கும் முதல் இரண்டு மாதம் ஸ்டிரெப்டோமைசின், ஐசோனியசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு. பிறகு சிலருக்கு நான்கு மாதத்தில் நிறுத்தம், சிலருக்கு ஆறில். அவர்களுக்குள்ளும் சிலருக்குப் பைரசினமைடு கடைசிவரை, சிலருக்கு இரண்டாம் மாதத்தோடு சரி.

1979 முதல் முடிவுகள் வெளிவந்தன. இரண்டு மாதத்தில் ஏறக்குறைய எல்லோருடைய சளியும் சுத்தம். பார்த்தால் குணமானவர்கள்தான். ஆனால் நான்கு மாதத்தில் நிறுத்தியவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு நோய் திரும்பியது. ஆறு மாதம் முடித்தவர்களுக்குத் திரும்பியது மிக அரிது. வேகமாகப் பெருகும் கிருமிகள் முதல் வாரங்களிலேயே செத்துவிடுகின்றன. உறங்கிக் கிடக்கும் கொஞ்சம் கிருமிகளை அழிக்கத்தான் மீதி மாதங்கள். இரண்டாம் மாதத்துக்குப் பின் பைரசினமைடு கொடுத்ததால் கூடுதல் பலன் எதுவும் தெரியவில்லை. மூன்றாம் மாதம் உங்கள் மாத்திரை குறைகிறது என்றால், அந்தக் குறைப்புக்குப் பின்னால் சிங்கப்பூர் நோயாளிகள் இருக்கிறார்கள்.

அதே ஊர் அடுத்து, ஐசோனியசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு மூன்றையும் ஒரே மாத்திரையாக்கினால் என்ன என்றும் கேட்டது. விழுங்க எளிது, ஏதாவது ஒன்றை மட்டும் மறக்கவும் வழியில்லை. ஆனால் ஐந்தாண்டு கழித்துப் பார்த்தபோது தனித்தனி மாத்திரையைவிடக் கூட்டு மாத்திரை பெற்றவர்களுக்கு நோய் திரும்பியது அதிகம். கூட்டு மாத்திரை நல்ல யோசனைதான். உள்ளே இருக்கும் ரிஃபாம்பிசின் ரத்தத்தில் சரியாகச் சேர்கிறதா என்று தயாரிப்புக்குத் தயாரிப்பு பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

1997இல் சிங்கப்பூர் தன் காசநோய் ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கியபோது, கண்ணெதிரே மருந்து விழுங்கும் வழக்கம் பலதுறை மருந்தகங்களுக்கு வந்தது. சேத்துப்பட்டில் பிறந்த வழக்கம், அடுக்குமாடி வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்துக்கு வந்துவிட்டது.

பயணம் முடியவில்லை. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் நிக் பேட்டன் தலைமையில் இந்தியா, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், தாய்லாந்து, உகாண்டா ஆகிய ஐந்து நாடுகளில் நடந்த ஆய்வு 2023இல் வெளிவந்தது. பெடாகுயிலின், லினசோலிட் ஆகிய மருந்துகளையும் சேர்த்து இரண்டே மாதம் கொடுப்பது. பிறகு கூர்ந்து கவனிப்பது. நோய் திரும்பினால் மீண்டும் சிகிச்சை. இந்த முறையில் சராசரி மருந்துக் காலம் 85 நாள். சரிவராதவர்கள் 5.8 விழுக்காடு, வழக்கமான ஆறு மாத முறையில் 3.9. நம்பிக்கை தரும் எண்கள்தான். ஆனால் அது நெருக்கமான கண்காணிப்போடு நடந்தது. ஆறு மாத மாத்திரையை எடுத்துக்கொண்டிருப்பவர் தானே சுருக்கிக்கொள்ள அதில் அனுமதி இல்லை.

காசநோய் 2023இல் மட்டும் உலகில் சுமார் 12.5 லட்சம் பேரைக் கொன்றது. மூன்று வாரத்துக்கு மேல் இருமல் நிற்கவில்லை என்றால், வேலை போய்விடுமோ, யார் என்ன சொல்வார்களோ என்று தள்ளிப்போடாமல் போய்ப் பாருங்கள். மருந்து தொடங்கியவர்கள், உடம்பு தேறிவிட்டது என்று இரண்டாம் மாதம் நிறுத்தாதீர்கள், நான்காம் மாதமும் வேண்டாம். நான்கில் நிறுத்தினால் என்ன ஆகும் என்பதைச் சிங்கப்பூரில் ஏற்கெனவே சோதித்துப் பார்த்தாயிற்று.