பழைய கோப்பை அழிக்கும் முன்



கணினியில் இடம் நிரம்பியதும் நம் கை முதலில் போவது பழைய பேக்கப் கோப்புகளின் மேல்தான். அழிப்பது தவறில்லை. எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டே போனால் எந்த வட்டிலும் இடம் போதாது. ஆனால் அழிக்கும் முன், ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் நடந்த ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்.

அங்குள்ள சூப்பர்கம்ப்யூட்டரில் பல ஆராய்ச்சிக் குழுக்கள் தங்கள் கோப்புகளைச் சேமித்து வைத்திருந்தன. அவற்றுக்கு நகல் எடுக்க ஒரு சிறு நிரல் இருந்தது. 10 நாளுக்கு மேல் பழையதான பதிவுக் கோப்புகளை, அதாவது இனித் தேவைப்படாத குறிப்புகளை, அழிப்பதும் அதன் வேலை.

2021 டிசம்பரில், கணினியை அளித்த நிறுவனம் அந்த நிரலைத் திருத்தியது. பழைய நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் மேல் புதியதை எழுதிவிட்டார்கள். இவ்வகை நிரலைக் கணினி முழுதாகப் படித்து வைத்துக்கொள்வதில்லை. ஓட ஓடத்தான் படிக்கும். ஆகவே பாதி பழையதும் பாதி புதியதுமாகப் படித்தது. ‘இந்த அலமாரியில் உள்ள பழைய தாள்களை அகற்று’ என்ற கட்டளையில் அலமாரியின் பெயர் மட்டும் காணாமல் போனது போல ஆயிற்று. குப்பைக்குப் போக வேண்டிய குறிப்புகளுக்குப் பதிலாக ஆராய்ச்சிக் கோப்புகளே அழியத் தொடங்கின.

டிசம்பர் 14 முதல் 16 வரை சுமார் 77 டெராபைட், ஏறத்தாழ 3 கோடியே 40 லட்சம் கோப்புகள் போயின. பாதிக்கப்பட்ட குழுக்கள் 14. அவற்றில் 4 குழுக்களின் கோப்புகளை நகலிலிருந்தும் மீட்க முடியவில்லை. நிறுவனம் தவறு தன்னுடையதே என்று ஒப்புக்கொண்டது. ஆனால் போன உழைப்பு திரும்பவில்லை.

கவனியுங்கள். அங்கே யாரும் கெட்ட எண்ணத்தில் எதையும் அழிக்கவில்லை. பாதுகாக்க வைத்த ஏற்பாடே அழித்தது.

வங்கியில் பழைய வவுச்சர் கட்டுகளைப் பட்டியல் போட்டு, அதிகாரி கையெழுத்திட்ட பிறகே அழிப்போம். அந்தப் பழக்கம் கணினிக்கும் பொருந்தும். எதை அழிக்கிறோம் என்று முதலில் எழுதுங்கள். மிஞ்சும் நகலை ஒருமுறை திறந்து பாருங்கள். இன்னொரு நகலை வேறு வட்டில், வேறு வீட்டில் வையுங்கள். இன்னொருவர் சரிபார்த்த பிறகு அழியுங்கள்.

நம் சங்கத்தின் பராமரிப்புக் கணக்குக்கும் இதுவே பொருந்தும். வட்டு இன்னொன்று வாங்கலாம். தொலைந்த கணக்கை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.