தற்காலிகக் கண்காட்சிகளில் சுழற்சி வடிவமைப்பு

ஒரு கண்காட்சிக்குச் செய்த அரங்கப் பொருள்களைக் கழற்றி அடுத்த கண்காட்சிக்கு எடுத்துக்கொள்ளும்படி முதலிலேயே திட்டமிடுவது சுழற்சி வடிவமைப்பு. இரண்டு மூன்று மாதமே நடக்கும் அருங்காட்சியகக் கண்காட்சிக்கும் பிளைவுட் தடுப்பு, சன்போர்டு, ஃபிளெக்ஸ், வினைல் எழுத்து என்று வாங்கிக் குவிக்கிறார்கள். பசை போட்டு ஒட்டியதை முழுதாகப் பிரிக்க முடியாது. கடைசியில் அது குப்பைதான். தென்சென்னையின் குப்பை பல பத்தாண்டுகளாகப் போய்ச் சேர்ந்த பெருங்குடிக் கிடங்கு, 2022இல் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் மேலேயே வளர்ந்தது.

கழற்றி மீண்டும் பயன்படுத்துவதற்கு, சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டிலுள்ள தட்சிணசித்ரா அருங்காட்சியகம் நல்ல முன்மாதிரி. டெபோரா தியாகராஜன் 1984இல் தொடங்கிய மெட்ராஸ் கிராஃப்ட் பவுண்டேஷன், கட்டடக் கலைஞர் லாரி பேக்கரின் வடிவமைப்பில் இதை உருவாக்கி 1996 டிசம்பர் 14 அன்று திறந்தது. இங்குள்ள பழைய வீடுகளில் பல, உரிமையாளர்கள் இடிக்கவிருந்தவை. அவற்றை விலைக்கு வாங்கிப் பிரித்துக் கொண்டுவந்து மீண்டும் எழுப்பினார்கள். கோட்டயம் அருகே புதுப்பள்ளியில் 1850 வாக்கில் கட்டிய சிரியன் கிறித்தவர் வீடும் அப்படி வந்ததே. இத்தகைய மரவீடுகளில், துளையில் நாக்கைச் செருகி ஆப்பு இறுக்கிய மூட்டு, ஆப்பைத் தட்டினால் மரம் சேதமாகாமல் கழன்றுவிடும். நிரந்தரமாக நிற்கக் கட்டிய வீட்டைப் பிரிக்க முடிகிறது, மூன்று மாதத் தடுப்பைப் பிரிக்க முடியவில்லை என்பது வேடிக்கைதான்.

தாம்பரம், மேடவாக்கம் பக்கத்துப் பந்தல்காரர்களுக்கு இப்படிப் பிரித்து மீண்டும் கட்டுவது புதிதல்ல. சவுக்குக் கம்பைக் கயிற்றால் கட்டுவார்கள். விசேஷம் முடிந்ததும் அவிழ்த்து அடுத்த வீட்டுக்கு ஏற்றுவார்கள். வீணாவது பெரும்பாலும் அறுத்தெறிந்த கயிறுதான். அருங்காட்சியகங்களும் குப்பையைக் குறைக்க முயன்றிருக்கின்றன: லண்டன் டிசைன் மியூசியம் 2021இல் நடத்திய 'வேஸ்ட் ஏஜ்' கண்காட்சியில் சுடாத மண் செங்கல்லைத் தடுப்புச் சுவராக வைத்தார்கள்.

பெரிய இடைஞ்சல் கிடங்கு. கழற்றியதை வைக்க இடம் வேண்டும். முட்டுக்காடு போன்ற கடலோரத்தில் உப்புக்காற்று இரும்புப் போல்ட்டைத் துருப்பிடிக்க வைக்கும், மரத்தில் கரையான் ஏறும். பழைய மரம் என்பதாலேயே அதைக் காட்சிப் பெட்டிக்குள் போட்டுவிடவும் முடியாது. சில மரங்களும் எம்.டி.எஃப். பலகையும் விடும் அமில ஆவி ஈயக் காசை அரிக்கும். இதைக் கண்டறிய, பிரிட்டிஷ் மியூசியத்தில் 1973இல் ஆன்ட்ரூ ஆடி வகுத்த சோதனையில், பொருளின் துண்டை வெள்ளி, செம்பு, ஈயத் தகடுகளுடன் ஈரப்பதமான மூடிய குடுவையில் 60 டிகிரி செல்சியஸில் 28 நாள் வைப்பார்கள். தகடு கறுத்தாலோ அரித்தாலோ அந்தப் பலகையைப் பெட்டிக்கு வெளியே தடுப்பாக மட்டும் நிறுத்தலாம்.